கழுத்தில் பைனாகுலர், நெஞ்சில் இனியா

பறவை காட்டுகிற தொழிலில் சரக்கு நம் கையில் இருப்பதே இல்லை. அது தானாக வரும், நாம் வாயைத் திறப்பதற்குள் தானாகப் போய்விடும்.

செப்டம்பர் பாதியிலிருந்தே தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிற ஏரிகளிலும் சதுப்பிலும் வடக்கத்திப் பறவைகள் இறங்க ஆரம்பித்துவிடும். சனி, ஞாயிறு காலைகளில் அடுக்குமாடிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவற்றைக் காட்டுவது என் வேலை. வேன் ஓட்டுவதும் டெலஸ்கோப்பைத் தோளில் தூக்கி வருவதும் பம்மலைச் சேர்ந்த பிரபு. மூன்றாவது ஆள் என் மகள் இனியா, ஒன்றரை வயது.

ஆகஸ்டில் காய்ச்சல் ஏறி அவளுக்கு ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தது. சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வருவதுதான், வளர வளரப் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்தக் கடைசிப் பகுதி மட்டும் என் காதுக்குள் இறங்கவே இல்லை. அன்றிலிருந்து அவளை நான் யாரிடமும் விட்டதில்லை. ஒரு துணிப்பையில் நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் வேலைக்கும் போனேன். தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறவர்களா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி, மேலே படியுங்கள். இதை எழுதும்போதே பத்திக்கு ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எங்கேயாவது தொடர்ச்சி விட்டுப்போயிருந்தால் அதுதான் காரணம்.

விரலை உதட்டில் வை

மாடம்பாக்கம் ஏரி. தண்ணீருக்கு மேலே பால் ஆடை மாதிரிப் பனி. அதற்குள் நீலச்சிறகி வாத்துகள் மிதக்கின்றனவா, தூங்குகின்றனவா, நான்தான் தூங்குகிறேனா என்று தெரியாத ஒரு வெளிச்சம். அன்றைக்கு வந்திருந்தது ஒரு காலனியின் மூத்த குடிமக்கள் குழு. லிஃப்ட் ரிப்பேரைப் பற்றிய பேச்சு வேனில் ஆரம்பித்தது, கரைக்கு வந்தும் முடியவில்லை. நான் கான்வென்டில் படித்தவள். கன்னியாஸ்திரீகள் எங்களை அடக்கிய அதே குரல் எனக்குள்ளிருந்து கிளம்பியது. எல்லாரும் இரண்டிரண்டு பேராக நில்லுங்கள், விரலை உதட்டில் வையுங்கள் என்றேன். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ராகவன் சார் உள்பட அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள்.

நல்ல அமைதி. அந்த அமைதியில் இனியா கண் விழித்து, வாத்துகளைப் பார்த்து, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டாள். மொத்த வாத்துக் கூட்டமும் ஒரே வீச்சில் எழுந்து, பனியைக் கிழித்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. ஏதோ ஒரு பெரிய துணியை வானத்தில் உதறினது போலச் சத்தம். ராகவன் சார் உதட்டிலிருந்து விரலை மெதுவாக எடுத்தார்.

"ஏம்மா, நாங்க பேசினா பறந்துடும்னு இவ்வளவு நேரம் நிக்க வெச்சியே, பறந்தாத்தானே நல்லா இருக்கு?"

மூச்சு விடுகிற கரண்டிவாயன்

பெரும்பாக்கம் சதுப்பு. அன்றைக்கு முந்தின ராத்திரி இனியாவுக்கு லேசாக மூக்கு ஒழுகியது. ஜலதோஷம் காய்ச்சலாகும், காய்ச்சல் ஃபிட்ஸாகும் என்று விடிய விடிய தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். காலையில் அவள் பூ மாதிரி இருந்தாள், நான்தான் வாடிப்போயிருந்தேன்.

கோரைப்புல்லுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று. டெலஸ்கோப்பைத் திருப்பினேன். கரண்டிவாயன், அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகிறது என்றேன். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எவ்வளவு நிம்மதியான தூக்கம், நெஞ்சு எப்படி ஏறி இறங்குகிறது, எவ்வளவு சீரான மூச்சு என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. பறவை உருண்டு புரண்டு, வயிற்றில் இருந்த சிமெண்ட் விளம்பரத்தைக் காட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். பிரபு டெலஸ்கோப்பை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கமாகக் குனிந்தான்.

"இன்னாக்கா, காலி மூட்ட மூச்சு வுடுதான்னு பாத்துகினு கீற, நீ எப்போ தூங்குவ?"

செல்வி வீட்டு விருந்தாளி

ஆறுமணிக் குருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று ஒரு நீலம், வயிற்றடியில் குங்குமம். இமயமலை அடிவாரத்திலிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வரும். அக்டோபரில் நம் ஊரை எட்டும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. விளக்கு எரிகிற சுவர்களில் மோதி விழும். பால்கனி, பாத்ரூம், செருப்பு ஸ்டாண்டு என்று எங்கேயும் கிடக்கும். பிரபுவின் தெருவில் தையல் தைக்கிற செல்வியின் வீட்டில் ஒன்று வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது.

போனில் சொன்னேன்: அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே வை. வாயில் தண்ணீர் ஊற்றாதே. சத்தமில்லாத இடத்தில் மூடி வைத்துவிடு. முக்கியமாக, உயிரோடு இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்க்காதே, பயத்திலேயே செத்துப்போகும். சாயங்காலம் நான் வருகிறேன். இனியாவைக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். வாசலில் செருப்பைக் கழற்றினதும் என் கை நேராகப் பெட்டி மூடிக்குத்தான் போனது. செல்வி குறுக்கே கையை வைத்தாள். போனில் ஒன்று, நேரில் ஒன்றா என்று கேட்டாள். நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரு ரவிக்கையைத் தைத்து முடித்தாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

வெளிச்சம் மங்கும்போது பெட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் திறந்தோம். அது எங்களைப் பார்த்தது, இரண்டு தத்துத் தத்தியது, பிறகு விர்ரென்று மரத்துக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். செல்வி சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள்.

"சாப்பாடு குடுன்னு சொல்லியிருந்தாக்கூட செஞ்சிருப்பேன்க்கா, எட்டிப் பாக்காம இருன்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் உயிர் போயிடுச்சு."

மணல்திட்டு

எங்கள் சீசனின் பெரிய நாள் கோவளம் முகத்துவாரம். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, இடுப்பளவு நீரில் நடந்து நடுவிலிருக்கிற மணல்திட்டுக்குப் போகவேண்டும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு இறங்க முடியாது. இரண்டு தடவை நான் சாக்குச் சொல்லி ஒத்திப்போட்டிருந்தேன். மூன்றாவது தடவை பிரபு நேராகவே சொல்லிவிட்டான்: இந்த வாரமும் இல்லையென்றால் பணம் கட்டிக் காத்திருக்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் மற்ற நடைகளும் அவரோடுதான். ஆக, ஒன்று பிள்ளையை விடவேண்டும், இல்லை வேலையை விடவேண்டும்.

என் கணவர் வசந்துக்கு சிறுசேரியில் வேலை, ஞாயிறு லீவு. சனிக்கிழமை முழுவதும் அவருக்குப் பாடம் எடுத்தேன். காய்ச்சல் வந்தால் இது, கண் செருகினால் அது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஃபிட்ஸ் வந்த அன்றைக்கு நான் அலறிக்கொண்டு நின்றபோது, இனியாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர்தான் என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

தண்ணீரில் இறங்கும்முன் எல்லாருடைய போன்களையும் ஒரு டப்பாவில் போட்டு வேனில் பூட்டிவிடுவது எங்கள் வழக்கம். என்னுடையதைப் போட எனக்குத்தான் கை வரவில்லை. பிரபு வாங்கிப் போட்டான். நெஞ்சில் பாரம் இல்லாமல் நடக்க விநோதமாக இருந்தது. திட்டு முழுக்க ஆலா என்கிற கடற்பறவைகள், காற்றுக்கு முகம் கொடுத்து ஒரே திசையில். அலை பின்வாங்கும்போது உப்புக்கொத்திகள் அதன் பின்னாலேயே ஓடும், அலை திரும்பினால் இவையும் திரும்பும். எங்கேயோ ஆர்க்டிக் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அதுகளை அதுகள் பாட்டுக்கு விட்டுவிட்டு முன்னால் கிளம்பி வருகிற தாய்கள் இந்தக் கூட்டங்களில் உண்டு. குஞ்சுகள் வழி கேட்காமல் பின்னாலேயே வந்து சேரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், கரையை விட்டதிலிருந்து நான் பயப்படவே மறந்திருந்தேன்.

வேனுக்குத் திரும்பி டப்பாவைத் திறந்தால், என் போனில் வரிசையாக வசந்தின் மிஸ்டு கால்கள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பிரபுதான் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை, மொட்டைமாடியில் ஒரு குருவி வாலை ஆட்டி ஆட்டி நடக்கிறது, இவளும் பின்னாலேயே ஆட்டிக்கொண்டு நடக்கிறாள், அதன் பேர் தெரியாமல் என்னை விடமாட்டேன் என்கிறாள், என்ன பேர் என்றார் வசந்த். பின்னணியில் அவள் சிரிக்கிற சத்தம். ஊருக்கெல்லாம் பேர் சொல்லித் தருகிற எனக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற அந்தப் பேர் வாயில் வரவில்லை. பிரபு குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான்.

"அது வாலாட்டி சார், அக்கா இங்க கொஞ்சம் அழுதுகினு கீது, முடிச்சுட்டுப் பேசும்."

என் பயம் வலசை போகிற இனம் இல்லை, வீட்டிலேயே கூடு கட்டித் தங்கிவிட்ட இனம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொஞ்சம் வெளியே போய்வர அதற்கும் பழக்கமாகிவருகிறது.