அம்மாவுக்கு வேலை கிடைத்த ஞாயிறு

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் சபையின் ஞாயிறு ஜெபத்தில் வேலை இல்லாதவர்களோடு அம்மாவின் பெயரும் சேர்ந்தது. மற்றவர்கள் எல்லாம் படிப்பு முடித்த பையன்கள். நடுவில் நாற்பத்திரண்டு வயது அம்மா.

அம்மா களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் இரண்டு வருஷ லேப் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அதை நகரத்துக்காரர்கள் வாங்கியதும், டிகிரி உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்றார்கள். அதன்பிறகு அம்மா ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எல்லா இடத்திலும் முதலில் டிகிரி கேட்டார்கள், அப்புறம் வயது கேட்டார்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்வதற்குள் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

இப்படி இருக்கும்போதுதான், ஓணத்துக்கு முன்னால் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடைக்குப் போகத் தொடங்கினாள். கடையில் கொடுத்த யூனிஃபார்ம் சேலையைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்வாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து கால்களை வெந்நீரில் வைப்பாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் என்னை 'ஊசிக்காரி மகள்' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவிடம் குத்து வாங்காத பிள்ளை அங்கே குறைவு. இனி நான் துணிக்கடைக்காரி மகள். கௌரவம் என்றால் இதுவல்லவா!

யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லி வைக்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. அந்த ஞாயிறு, நன்றி சொல்ல வேண்டியவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார் போதகர். கேட்டது கிடைத்தால் எழுந்து சொல்லியே ஆகவேண்டும் என்பது சண்டே ஸ்கூல் பாடம். அம்மா எழவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் எழுந்தேன்.

"எங்க அம்மைக்கு வேலை கிட்டியாச்சு."

சபை முழுக்க ஸ்தோத்திரம். போதகரின் முகம் மலர்ந்தது. "எந்த ஆஸ்பத்திரியில மக்கா?"

"ஆஸ்பத்திரி இல்ல. துணிக்கடையில, சேலை எடுத்துக் காட்டுத வேலையாக்கும்."

போதகர், எந்த வேலையும் கர்த்தர் தருவதுதான் என்று சமாளித்தார். முன்வரிசை மாமி திரும்பிப் பார்த்து, "டெக்ஸ்டைல்ஸ்லயா? நல்லதாக்கும்" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். முகம் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வீடு திரும்பும்போது அடி விழவில்லை. "அதுக்கு இப்ப என்ன மக்கா அவசரம்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பையன்களுக்காக ஜெபித்ததோடு போதகர் ஆமென் சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்தும் அம்மா கிளம்பவில்லை. எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து போதகரிடம் போனாள்.

"எம் பேரை விட்டுட்டீங்களே அய்யா?"

"வேலைதான் கிடைச்சாச்சே?"

"கிட்டிச்சு. ஆனாலும் ஜெபத்துல இருந்து எம் பேரை எடுக்கண்டாம். நான் லேபுக்காரியாக்கும்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. கர்த்தர் இப்போதுதான் ஒன்று கொடுத்திருக்கிறார்; அதற்குள் இன்னொன்று வேண்டும் என்று அழுகிறாளே, இவ்வளவு பேராசை ஆகுமா என்று அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. வீடு வரைக்கும் அவளோடு பேசாமல் நடந்தேன்.