கிரிக் மலைச்சாலையில் கழுவப்பட்ட அம்புக்குறி

1984 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, மண்ணியல் ஆய்வு மாணவி கமலாவுடன் ஈப்போவிலிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்குப் போனேன். பாறை எடுக்க அவருக்கு அந்த ஒரு நாளுக்குத்தான் அனுமதி. என் பத்திரிகைக்கு ஒரு செய்தி கிடைக்கும் என்று உடன் சென்றேன். டாக்சி முருகையா அண்ணனுடையது, நாள் வாடகை தொண்ணூறு மலேசிய வெள்ளி. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கிரிக் வரை நூற்றைம்பது கிலோமீட்டர். பாதுகாப்புக் காரணத்தால் மாலை ஆறு மணிக்குக் கிரிக் பக்கச் சாலைத் தடுப்பை மூடிவிடுவார்கள்.

கிரிக்கிலிருந்து இருபத்திரண்டாவது கிலோமீட்டரில், மலையை அறுத்த இடத்தில் அந்தக் கரும்பச்சைப் பாறை நின்றது.

"பழைய கடலோட அடித்தளமா இருக்கலாம்ணே. சூடான இன்னொரு பூமித்தட்டு இதுமேல ஏறி நகர்ந்திருக்கணும்," என்றார் கமலா.

"இஸ்திரி போட்ட மாதிரியா?" என்று கேட்டார் முருகையா அண்ணன்.

"அதேதான். மலையளவு இஸ்திரிப் பெட்டி."

உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஊசி ஊசியான கருங்கனிமங்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்திருந்தன. ஒரு கடல் மூடியதன் சுவடு என் கைக்குக் கீழே இருந்தது.

அது எங்கே பிறந்த பாறை என்பதை வேதியியல் சொல்லிவிடும். மேலே ஏறிய தட்டு எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை அந்த ஊசிகள்தான் சொல்லும். அதற்கு வடக்கு எது என்று தெரிய வேண்டும். கமலா திசைகாட்டி வைத்து, சாக்கட்டியால் அம்புக்குறி போட்டு, பிறகே கல்லை உடைத்தார். மையால் அழுத்தி எழுதச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, பண்டிங் ஏரிக்கரையில் சாப்பிட்டோம். நாலரைக்குக் காரிடம் வந்தபோது உள்ளே இருந்த கல் பளபளத்தது.

"அண்ணே, அம்பு எங்கே?"

"மண்ணா இருந்துச்சு தங்கச்சி, கழுவிட்டேன்லா. ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்ச பழக்கம், மங்குக் கிண்ணத்தைத் துடைக்காம பால் எடுத்தா மேற்பார்க்கிற மண்டோர் ஏசுவாரு."

கமலா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திசை போச்சுன்னா இது வெறும் கல்லுண்ணே."

ஐந்துக்குப் பாறையிடம் திரும்பினோம். காலையில் அவர் தட்டிப் பார்த்த தழும்புகளே இருபதுக்கு மேல் இருந்தன. வைத்துப் பார்த்த எதிலும் கல் பொருந்தவில்லை. மணி ஐந்து இருபது. முருகையா அண்ணன் சற்று எட்டி நின்று பார்த்தார்.

"நீங்க உடைச்ச எடத்துல வரி, பால்மரத்துல சீவுன கோடு மாதிரி, இடது மேல, வலது கீழ சாஞ்சிருந்துச்சு. அதோ, அது ஒண்ணுதான் அப்படி இருக்கு."

கமலா கல்லை அங்கே வைத்தார். 'டக்' என்று உட்கார்ந்தது. மயிரிழை இடைவெளி இல்லை. அவர் மையால் அம்பு எழுதும் வரை அண்ணன் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஐந்து ஐம்பத்தைந்துக்குத் தடுப்பைத் தாண்டினோம்.

போகிறவர்கள் கிரிக்கிலேயே பெட்ரோல் நிரப்புங்கள். உடைப்பதற்கு முன் அழியாத மையால் குறியுங்கள், படமும் எடுங்கள். காரில் ஓர் இடம் கூடுதலாக இருக்கட்டும். திரும்பும்போது முன்சீட்டில் கல் இருந்தது, என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார் அண்ணன். "எந்தக் கடல்ல இருந்து வந்திருக்கு, பின்னாடியா உக்கார வைக்கிறது?"