பதின்மூன்றாம் அத்தியாயத்திலிருந்து

அந்தத் துப்பறியும் நாவலின் மூன்றாம் பாகத்து அட்டையில் ஒரு கைவிலங்கும் பக்கத்தில் பிரிக்காத சோற்றுப் பார்சலும் இருக்கும். கொலைக்கதைக்கு இது என்ன படம் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். எழுதியவர் துறைமுகக் காரியாலயத்தில் எனக்கு மேலே இருந்த பிரதம லிகிதர், கொட்டாஞ்சேனைக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சேர்'. முதலிரண்டு பாகங்களையும் மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்து வாசித்தோம். அவருடைய இன்ஸ்பெக்டர் எவருக்கும் இரங்காதவர். செத்த வீட்டிலும் நின்றபடியே விசாரிப்பார், கொடுத்த தேத்தண்ணியைக் கூடத் தொடமாட்டார். அந்தக் கல்மனசில்தான் எங்களுக்கு அப்படியொரு மயக்கம்.

மூன்றாம் பாகம் பாதியில் நிற்கும்போது சேருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சுத் தடுமாறியது, எழுத்தைக் கூட்டி வாசிக்கவும் முடியாமல் போனது. மிச்சக் கதையை அவர் சொல்லச் சொல்ல அவருடைய மனைவி, எங்களுக்கு அன்ரி, எழுதி முடித்ததாகச் சொன்னார்கள்.

புத்தகம் வந்ததும் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வாசகர் கூட்டம் வைத்தார்கள். சேரை முன்வரிசையில் இருத்தினார்கள். அன்ரி அவருக்குப் பின்னால் கட்லட் தட்டோடு நின்றார். மட்டக்குளியிலிருந்து வந்த ஒரு பெண், கடைசிப் பக்கங்களை வாசித்த அன்று தனக்கு வேலையே ஓடவில்லை என்றார். மருதானையில் கடை வைத்திருந்த ஒருவர், இன்ஸ்பெக்டருக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது, மூன்றிலும் இதுதான் திறம் என்றார். ஒவ்வொன்றுக்கும் சேர் தலையாட்டினார். முகம் மலர்ந்திருந்தது. தொடங்கியதை முடித்துவிட்டேன் என்ற நிறைவு அது. கையும் பேச்சும் போன மனிதருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அது எனக்கும் தெரிந்தே இருந்தது.

ஆனால் என் நாக்கில் சனி இருந்தது. எல்லோரையும் போலப் புகழ்ந்தால் என் கெட்டித்தனம் எப்படித் தெரியவரும்? எழுந்தேன். பாதிக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் போகிற வீடெல்லாம் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கிறார், விலங்கு மாட்டுவதற்கு முன் கொலைகாரிக்குச் சோறு வாங்கிக் கொடுக்கிறார், இது பொலிஸ் விசாரணையா பந்தி விசாரிப்பா என்றேன். சபை சிரித்தது. சிரிப்பு தந்த உசாரில் அடுத்ததையும் சொன்னேன்.

"இது எங்கட சேரின்ர கை இல்லை. குசினி அடுப்படியில இருந்து வந்த கை."

கைதட்டினார்கள். சேர் மெல்லத் திரும்பி அன்ரியைப் பார்த்தார். "எல்லாம் நீங்க சொன்னதுதானே" என்றார் அன்ரி. அந்த அவசரத்திலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சேர் சொன்னவை குழம்பிய சொற்கள். அன்ரி தானாகவே கதையை எழுதி, நீங்கள் சொன்னது என்று வாசித்துக் காட்டி அவரை நம்பவைத்திருக்கிறார். சேர் அன்ரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துக் கேட்டார்.

"எந்த இடத்தில இருந்து, தம்பி?"

பகிடிக்குச் சொன்னேன் என்று ஒரு பொய் போதும். எனக்கு அத்தியாய எண்தான் வாயில் வந்தது.

"பதின்மூண்டில இருந்து, சேர்."

கூட்டம் முடிந்து, புத்தகத்தில் கையொப்பம் வாங்க ஆட்கள் நின்றார்கள். சேர் இடது கையால் பேனையை அன்ரி பக்கம் தள்ளினார். அன்ரி அதைத் தொடவில்லை. நின்றவர்கள் புத்தகங்களை மூடிக்கொண்டு போனார்கள். நான் அதற்கு முன்பே படியிறங்கிவிட்டேன்; இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

பிறகு அந்தப் புத்தகத்தைத் தனியே இருந்து பலமுறை வாசித்தேன். மருதானைக் கடைக்காரர் சொன்னதுதான் சரி. வெட்கத்தில் கொட்டாஞ்சேனைப் பக்கமே போகாமல் இருந்தேன். சேரின் நல்லடக்கத்துக்குத்தான் போனேன். எல்லோரும் கலைந்த பிறகு அன்ரியிடம், மூன்று பாகத்திலும் அதுதான் திறம் என்று சொன்னேன். சொன்னால் என் மனப்பாரம் குறையும் என்று நினைத்தேன் போலும்.

அன்ரி கோபப்படவில்லை.

"அதை அண்டைக்குச் சொல்லியிருந்தா, அவர் தன்ர எழுத்தெண்டு நினைச்சுச் சந்தோசமாக் கேட்டிருப்பார், தம்பி" என்றார்.