சமையல்காரரைக் கொன்றது நான்தான்

போன மாதம் நான் ஒருவரைக் கொன்றேன்.

பதற வேண்டாம். விண்வெளியில்தான். இறந்தவர் ஒரு சமையல்காரர். ஆயுதம் என் வாய். சாட்சிகள் இரண்டு பேர் – ஒருவர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார், இன்னொருவர் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் பக்க நியாயம் உங்களுக்குப் புரியும்.

என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. இடது கண் எப்போதோ போய்விட்டதால் இருப்பது அந்த ஒன்றுதான். எர்ணாகுளத்தில் ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் ஒரு கேஸ் குமிழியை விட்டிருக்கிறார்களாம். அது விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்க வேண்டும். அதற்கு இவர் முகத்தைக் கவிழ்த்தபடியே கிடக்க வேண்டும். சாப்பிடும்போதும்கூட தலை குனிந்தேதான்.

“பார்வை வந்துடுமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“நோக்காம் ஆன்ட்டி” என்றார் அந்தச் சின்ன வயசு டாக்டர். பார்க்கலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். கீழே இஞ்சி குடோன், மாடியில் நாங்கள். இவர் அசையக் கூடாது. எனக்கோ ஓரிடத்தில் நிற்க முடியவில்லை! படகுத் துறையில் போட் ஹாரன் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். எதற்கு? தெரியாது. துவைத்த துணியை மறுபடி துவைப்பேன். அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்ப்பேன். வந்து உட்காருவேன். மறுபடி போய்ப் பார்ப்பேன்.

“எடி, கொஞ்சம் உக்காரேன். உன் காலு மட்டும்தான் எனக்குத் தெரியுது. அது ஓடிக்கிட்டே இருக்கு” என்பார் இவர், தரையைப் பார்த்தபடி.

அப்போதுதான் கூரியரில் அந்த நாவல் வந்தது.

எங்கள் இருவருக்கும் பிடித்த எழுத்தாளர். பெயர் வேண்டாம், வம்பு. என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவர் என் முகத்தைவிட அலமாரியில் இருந்த அவருடைய விஞ்ஞானக் கதைகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். ஆக, எங்கள் கல்யாணத்துக்கு அவரும் ஒரு காரணம். ரொம்ப நாள் எழுதாமலிருந்தவர், இப்போது புது நாவல். ஆவலோடு பிரித்தால்... அட்டையில் அவர் பெயர் பெரிதாக. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘மற்றும்’ என்று போட்டு, கேள்விப்படாத இன்னொரு பெயர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எதற்கு இந்த ‘மற்றும்’? நம் ஆளுக்குக் கற்பனை தீர்ந்துவிட்டதா? உடம்பு முடியவில்லையா? இல்லை, பெயரை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டாரா?

“யாருடி அந்த மற்றும்காரன்?” என்றார் இவர். அவருக்கும் கோபம்தான். குப்புறப் படுத்துக்கொண்டு கோபப்படுவது கஷ்டம், அவ்வளவே.

தினமும் சாயங்காலம் நான் உரக்கப் படிப்பது என்று முடிவாயிற்று. கீழே குடோனைப் பார்த்துக்கொள்ளும் ராஜன் சேட்டனும் அதைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். தமிழ் படிக்கத் தெரியாது, கேட்டால் எல்லாம் புரியும். பழம்பொரிப் பொட்டலம் – நம் ஊர் வாழைப்பழ பஜ்ஜிதான் – அவர் உபயம்.

கதை ஒரு கப்பலில் நடக்கிறது. வேறொரு கிரகத்துக்குத் தண்ணீர் ஏற்றிப் போகும் விண்வெளிக் கப்பல். அதில் சோமு என்று ஒரு சமையல்காரர். எடையில்லாத இடத்தில் ஊறுகாய் ஜாடி பறந்துவிடாமலிருக்க அதைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார். படித்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஜாடி நம் ஆளுடையதேதான்! ஆனால் அடுத்து வந்தது பாருங்கள்... என்ஜின், அழுத்தம், வால்வு என்று பக்கம் பக்கமாக. இது மற்றும்காரரின் வேலை. வேறு யார்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாண்டிவிட்டேன்.

சொல்லாமல், மூச்சு விடாமல், பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த ஊறுகாய்க்குப் போய்விட்டேன். இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வால்வு வந்தால் தாண்டு. ஒரு அத்தியாயம் முழுக்க வால்வா? அத்தியாயத்தையே தாண்டு. முப்பது வருட வாசகி, எனக்குத் தெரியாதா யார் கை எதுவென்று?

ஒரு நாள் தாண்டிக் குதித்த இடத்தில் முதல் வரியே இப்படி இருந்தது: ‘சோமு இல்லாத கப்பலில் யாருக்கும் பசிக்கவில்லை.’

படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

“அல்ல சேச்சி...” ராஜன் சேட்டன் பழம்பொரியைக் கீழே வைத்தார். “நம்ம குக் எவிடப் போயி? நேத்து வரைக்கும் உண்டாயிருந்தாரே?”

“அதானே?” என்றது கட்டில்.

என்ன சொல்வது? பக்கத்தைத் திருப்பித் தேட நேரமில்லை. “பொறுங்க, ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சு” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைப் பார்த்தபடியே நானாக ஒரு சாவைக் கட்டிவிட்டேன். கப்பலில் ஏதோ வெடிக்கிறது. சோமுவுக்குப் பலத்த அடி. எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். கடைசி மூச்சில் அவர் சொல்கிறார்: “அடுப்பை அணைச்சாச்சான்னு மட்டும் ஒரு வாட்டி பாத்துடுங்க.”

கட்டிலைப் பார்த்தேன். இவர் தோள் குலுங்கியது. முதலில் சிரிப்பு. அப்புறம் சிரிப்பில்லை.

“இதாண்டி நம்ம ஆளு” என்றார் மூக்கை உறிஞ்சியபடி. “சாகறப்போ அடுப்பைப் பத்திக் கேக்கறான் பாரு. அந்த மற்றும்காரனுக்கு இது வருமா?”

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மறுநாள் மத்தியானம் சமையலறையில் நின்றபடியே, தாண்டிய அத்தியாயத்தைப் படித்தேன். முதலிலிருந்து, ஒரு வரி விடாமல். அத்தனை பக்கம் வால்வைப் பற்றிச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை உள்ளேயிருந்து மூட முடியாது. யாராவது வெளியே போக வேண்டும். போனால் திரும்ப முடியாது. சோமு போகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. கயிறு அவிழ்ந்த ஊறுகாய் ஜாடி மட்டும் உள்ளே மிதக்கிறது. அவ்வளவுதான்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

இதை எழுதியது யார்? நம் ஆளா, மற்றும்காரரா? திரும்பத் திரும்பத் தேடினேன். எந்த வாக்கியத்தில் யார் கை என்று பிடிபடவேயில்லை. இருவருமாகச் சேர்ந்து சத்தமில்லாமல் செய்த ஒன்றை நான் தாண்டிக் குதித்து, நடுவில் என் அடுப்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கூட்டாக எழுதியதைத் திட்டித் தீர்த்துவிட்டு அதே கூட்டில் போய்ச் சேர்ந்த ஆளை நீங்கள் பார்த்ததுண்டா?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனால், இவர் தன் தம்பிக்குப் போனில் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரலில் தெம்பு வந்ததே அன்றுதான். போனை வைத்துவிட்டு, “கண்ணு கிடைச்சதும் முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் படிப்பேன்” என்றார்.

யோசித்துப் பாருங்கள். அவருக்குப் பார்வை வந்தால் நான் மாட்டுவேன். மாட்டாமலிருக்க வேண்டுமென்றால்... சீ! என்ன நினைப்பு இது? அன்று அடுப்பை எத்தனை தடவை போய்ப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

பாக்கி நாவலை ஒரு வால்வு விடாமல் படித்தேன். “இந்த மற்றும்காரன் போகப் போகத் தேறிட்டான்” என்றார் இவர்.

குப்புறக் கிடந்தது முடிந்து, நிமிர்ந்து உட்கார அனுமதி வந்தது. முதலில் எல்லாம் கலங்கல். பிறகு ஒரு நாள், “மேல கொஞ்சம் தெளிவா இருக்கு. கீழ தண்ணி மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடுது” என்றார். குமிழி கரைகிறதாம். கரைந்த பிறகு என்ன மிஞ்சும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் “நோக்காம்” என்பார்கள்.

சென்ற வாரம் கடைசி செக்கப். இவரை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வராந்தாவில் நடந்தேன். உட்காரச் சொன்ன நர்ஸை முறைத்தேன். வெளியே வந்த டாக்டர் இந்தத் தடவை ‘நோக்காம்’ என்று சொல்லவில்லை. சிரித்தார். புதுக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்.

நேற்று கண்ணாடி வந்தது. இவர் நாவலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குள் ஓடி ஒளிந்தேன். பக்கம் புரளும் சத்தம். நிற்கிறது. திரும்பவும் புரள்கிறது. கீழே குடோனில் யாரோ மூட்டையைப் போட்டார்கள், நான் துள்ளி விழுந்தேன்.

“எடி வசந்தி!”

“என்னங்க?”

“சோமு வாயே தெறக்கலையே?”

நான் சமையலறை வாசலுக்கு வந்தேன்.

“இந்த வீட்டுல சும்மா சும்மா அடுப்பைப் போய்ப் பாக்கற ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதா?” புத்தகத்தை மூடி, அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய், அந்தச் சின்ன எழுத்தையும் விடாமல் படித்தார். “மூணாவது பேரை விட்டுட்டானுங்களே...”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அப்பாடா!