பச்சைச் சட்டைப் பிள்ளை

வரலாற்றில் பட்டம் பெற்று ஆசிரியரான உற்சாகத்தில், இடம்பெயர்ந்தோர் முகாமின் பிள்ளைகளை முல்லைத்தீவுப் பக்கத்துப் பழைய கோட்டை இடிபாட்டுக்கு அழைத்துச் சென்றேன். வரலாற்றை விளக்கியபின் அங்கேயே ஒளித்துப் பிடித்து விளையாடவிட்டேன்.

நடுவில் போர் விமானமொன்று இரைந்து கடந்தது. பின்னர், முகாமுக்குப் புதிதாக வந்திருந்த சிறுமியை மட்டும் காணவில்லை. அவள் பெயர் எவருக்கும் தெரியாது. இடிபாட்டுக்குள் இருந்த பாழுங்கிணறு நினைவில் வர, "பச்சைச் சட்டைப் பிள்ளை, வெளியாலை வாங்கோ!" என்று கத்தினேன்.

செய்தியறிந்து முகாமிலிருந்து ஓடிவந்த அவளின் தாய், "சேர், சட்டையே வரும்? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன்!" என்று சீறிவிட்டு, "கலா!" என்றார். சுவர்ப் பொந்திலிருந்து அவள் எழுந்து வந்தாள்.

"பிளேன் வந்தா, ஒளிச்சிருக்கோணும், பேர் சொல்லிக் கூப்பிடுமட்டும் வெளியாலை வரக்கூடாதெண்டு அம்மா சொன்னவா."

மன்னர்களின் பெயர்களை ஒப்புவித்த எனக்கு அவள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லையே என்று இன்றும் கூசுகிறேன். இப்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அறிந்தபின்பே கோட்டைக்குள் நுழைகிறேன்.