காணிப்பாக்கத்தில் ஈர வேட்டியும் ஆஸ்திரேலியப் பந்தாட்டமும்

நகரியிலிருந்து கிளம்பி ஒரே நாளில் திருச்சானூரும் காணிப்பாக்கமும் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியுமா என்று போன பதிவின் கீழே நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். நாங்கள் ஐப்பசி முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை போய்வந்தோம். புரட்டாசிக் கூட்டம் வடிந்து, ரோடு காலியாக இருந்தது. வழியில் ஒரு சண்டை நடந்ததால் கொஞ்சம் தாமதம். அதைக் கழித்துவிட்டால் நீங்கள் இன்னும் சீக்கிரமே திரும்பலாம்.

போன காரணம் கல்யாணம். என் மகள் கலைச்செல்வி மெல்போர்னில் நர்ஸ். அதே ஊரில் வேலை பார்க்கும் லோகேஷ், வடமாலபேட்டைப் பையன். இருவரும் பேசிப் பழகி முடிவு செய்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் முகூர்த்தம் குறிக்கும் முன் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு கோயிலுக்காவது போய் வருவது வழக்கம். லோகேஷின் அப்பா சுப்பிரமணியம் ஏற்கெனவே சரி சொல்லிவிட்டார். அவன் அம்மா சரோஜா மட்டும், "திருச்சானூர் தாயாரையும் காணிப்பாக்கம் பிள்ளையாரையும் பாத்துட்டு சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார். ஆக, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு "சரி" வரவேண்டும். எங்கள் பயணத்தின் மொத்த நோக்கமும் அதுதான்.

காலை ஐந்தரைக்கு பாபுவின் கார் வாசலுக்கு வந்தது. ஏறுவதற்கு முன் என் மனைவி கஸ்தூரி என்னை ஓரமாக இழுத்தாள்.

"இன்னிக்கு முழுக்க அந்த பந்தாட்டத்தைப் பத்தி வாயத் தொறக்காதீங்க. பொம்பளப் புள்ள டவுசர் போட்டுக்கினு ஆடறது அவங்களுக்குப் புடிக்குமோ இன்னாவோ."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கலையின் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். அவள் நகரியில் இருந்தவரை அது எங்களுக்குப் பெரிய கவலை. பெண் பார்க்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், போய்விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அதே உயரத்தைப் பார்த்து ஒரு பேட்டைப் பெண்கள் அணி அவளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. அந்த நாட்டு ஃபுட்பால் நம்முடையது மாதிரி கிடையாது. முட்டை வடிவப் பந்து, கையிலும் எடுக்கலாம். இரண்டு கோடியிலும் நாலு நாலு கம்பம். நடுவிலுள்ள இரண்டுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரச் சந்தில் போனால் ஒன்று. கோல் கம்பத்துக்கு முன்னால் உயரமான ஒரு ஆளை நிறுத்தி, பந்தை உயரத்தில் அடிப்பார்கள். அந்த ஆள் எல்லார் தலைக்கும் மேலே எகிறிப் பிடித்து உதைக்கவேண்டும். என் மகள்தான் அந்த ஆள். எட்டாவது வரை படித்து, சிமெண்டும் செங்கல்லும் விற்கிற எனக்கு இவ்வளவு புரிவதற்கு இரண்டு வருடம் ஆனது. புரிந்துவிட்டது என்று சொல்வதும் நானேதான்.

புத்தூர் தாண்டி வடமாலபேட்டை இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சம்பந்தி வீட்டார் ரோட்டோரமே தயாராக நின்றிருந்தார்கள். கையில் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. பெண்கள் இருவரும் சம்பந்தியும் பின் சீட்டில், நான் முன்னால் டிரைவர் பாபு பக்கத்தில். வேண்டுமென்றேதான் அங்கே உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்காவிட்டால் பேச்சு குறையும் என்று கணக்கு.

திருச்சானூரில் ஒன்றே கால் மணி நேரத்தில் தாயார் தரிசனம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை போனால் இந்த வசதி, வெள்ளிக்கிழமை வேண்டாம். திருப்பதியில் இட்லி, வேர்க்கடலைச் சட்னி. ஆளுக்கு அறுபது ரூபாய் ஆனது, வயிறு மதியம்வரை எதுவும் கேட்கவில்லை. அங்கிருந்து காணிப்பாக்கம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். சந்திரகிரி கோட்டையை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டோம். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தது சம்பந்தி.

"சம்பந்தி, அந்த கடைசி மேட்சு பாத்தீங்களா? நம்ம கலை ஆடுனது."

கஸ்தூரி பின்னாலிருந்து என் சீட்டை முழங்காலால் இடித்தாள். நான் என்ன செய்வேன்? பையன் மைதானத்து ஓரத்தில் நின்று வீடியோ எடுத்து அவருக்கும் அனுப்பியிருக்கிறான். எனக்கு அதை மகள் அனுப்பியிருந்தாள். இரண்டு வீட்டிலும் ஒரே வீடியோ.

"பாத்தேன். ஜெயிச்சாங்களே!" என்றேன் பெருமையாக.

"ஜெயிச்சது டீமுல இருக்கற அந்தக் குள்ளப் பொண்ணால. நம்ம பொண்ணு மொத பாதியில மூணு கோலு. சூப்பரு. அப்புறம் இன்னா ஆச்சு? கடைசி கால்வாசி ஆட்டம் முழுக்க லைட்டு கம்பமாட்டம் நின்னுக்கினு இருந்தா. பந்து தலைக்கு மேல வருது, எகிறவே இல்ல."

மகள் கல்யாணமே நின்றாலும் பரவாயில்லை, லைட்டுக் கம்பம் என்று சொன்னதை விட முடியுமா?

"அது பிளானு சம்பந்தி. உங்களுக்கு அந்த ஆட்டம் தெரியல. இவ லெப்டு பக்கம் நவுந்து எதிர் டீமு ஆளுங்க ரெண்டு பேரை இழுத்துக்கினு போறா. நடுவுல காலியாயிடுது. அந்த சந்துல குள்ளப் பொண்ணு பூந்து அடிக்குது."

"ரெண்டு பேரை இழுக்க எங்க ஊரு எரும போதும். ஒசரமா இருக்கறவ எகிறணும். அதுக்குத்தான நிறுத்தி வெச்சிருக்கான்!"

"மூணு கோலு யாரு போட்டது, எருமையா?"

பாபு கிரிக்கெட் ஆள். ஆனாலும் தெலுங்கு கலந்த தமிழில் நடுவராகப் புகுந்தார். "ஒக்க நிமிஷம் சார். அவுட்டா நாட் அவுட்டா? அது மட்டும் சொல்லுங்க."

"நீ ரோட்டப் பாரு!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அன்றைக்குக் காலையில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சம்பந்தி வீடியோவை ஓடவிட்டார். என் தோளுக்கு மேலே நீட்டி, நிறுத்தி, திருப்பி ஓட்டி, விரலால் காட்டினார். நானும் என் பங்குக்குத் திருப்பி ஓட்டினேன். வீடியோவில் லோகேஷின் குரல் "போ கலை! போ கலை!" என்று கத்திக்கொண்டிருந்தது. புதலப்பட்டு வருவதற்குள் அந்தக் கடைசிக் கால்வாசியை ஏழெட்டு முறை பார்த்திருப்போம். அப்போதுதான் சரோஜா அம்மாள் போனை வாங்கினார்.

"இந்தப் பொண்ணு நொண்டுது," என்றார்.

நான் முதல்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கீழ வுழுந்துட்டு எழுந்துக்கறா பாருங்க. வலது முட்டியப் புடிக்கிறா. அதுக்கு அப்புறம்தான் எகிறல." போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அண்ணா, முட்டில ஏதாவது ஆயிருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. நேத்துகூட பேசினேன். நல்லா இருக்கா."

"எனக்கு ஆட்டம் ஆடறது பத்தி ஒண்ணும் இல்லண்ணா. நாளைக்குக் கல்யாணம் ஆனப்புறம் ஆபரேசன்னு வந்தா, பொண்ணு வீட்ல மறைச்சிட்டாங்கன்னு எங்க சனம் பேசும். என்னால பதில் சொல்ல முடியாது. காணிப்பாக்கம்தான போறோம்? பிள்ளையாரு முன்னாடி ஒரு வார்த்த சத்தியம் பண்ணிடுங்க, முட்டில ஒண்ணும் இல்லன்னு. அப்பவே தேதி குறிச்சிக்கலாம்."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறார். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் தண்டிக்காமல் விடமாட்டார் என்று இந்தப் பக்கம் முழுக்க நம்பிக்கை. வரப்புத் தகராறு, திருட்டுப் பழி எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் இங்கே வந்து தீர்வது உண்டு. குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு போய் நிற்கவேண்டும்.

"செய்யறேன்மா. இன்னா இருக்கு அதுல?" என்றேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் முழங்காலுக்கு நான் கியாரண்டி கொடுத்தேன். என் கடையில் மூட்டை பிரிக்காமல் சிமெண்டுக்குக்கூட நான் கியாரண்டி கொடுத்ததில்லை.

பத்தரை மணிக்குக் காணிப்பாக்கம். கோயிலுக்குள் செல்போன் விடமாட்டார்கள், வெளியே கவுண்டரில் ஒப்படைக்கவேண்டும். மறக்காதீர்கள். நான் போனைக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு வெளியே உள்ள குளத்தில் இறங்கினேன். முதல் முங்கு தைரியமாகப் போட்டேன். இரண்டாவது முங்கில் தலை தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் அந்த வீடியோ மறுபடி ஓடியது. விழுகிறாள். முட்டியைப் பிடிக்கிறாள். எழுந்திருக்கிறாள். நேற்று பேசினேன், சரி. முட்டியைப் பற்றியா பேசினேன்? என்ன துன்னே, மழை பெய்தா, அவ்வளவுதானே பேசினேன்?

மூன்றாவது முங்கைப் போடாமல் கரையேறினேன்.

"போனக் குடு," என்றேன்.

"ஈரக் கையி!"

"குடு கஸ்தூரி."

மெல்போர்னில் அப்போது சாயங்காலம். கலை உடனே எடுத்தாள். வீடியோ காலில் என் கோலத்தைப் பார்த்து, "இன்னா நைனா, குளத்துல வுழுந்துட்டியா?" என்று சிரித்தாள்.

"உன் வலது முட்டி எப்டி இருக்கு?"

சிரிப்பு நின்றது.

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நான் சத்தியம் பண்ணப் போய்க்கினு இருக்கேன். உண்மையச் சொல்லு."

"தசநார் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு நைனா. ஆபரேசன் வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆனா நாலஞ்சு மாசம் சம்மணம் போடக்கூடாது, எகிறக்கூடாது. அம்மா அழுவாங்கன்னுதான் சொல்லல. லோகேஷுக்குத் தெரியும், அவன்தான் வாரா வாரம் முட்டிப் பயிற்சிக்குக் கூட்டிக்கினு போறான்."

கஸ்தூரி அழவில்லை. "வரட்டும் அவ," என்று மட்டும் சொன்னாள். அது அழுவதைவிட மோசம்.

தண்ணீர் சொட்டச் சொட்ட சம்பந்தி வீட்டார் முன்னால் போய் நின்றேன். தேதி போய்விட்டது என்று தெரிந்தது. ஆனாலும் கிணற்றுக்குள் இருப்பவரிடம் என்னால் பொய் பேச முடியாது.

"சத்தியம் பண்ண முடியாதும்மா. நீங்க சொன்னது சரி. முட்டில அடி பட்டிருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும்." கலை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

சரோஜா அம்மாள் பதில் சொல்லுமுன் சம்பந்தி கையை ஓங்கித் தட்டினார். "அப்ப முட்டி கிழிஞ்சப்புறமா ரெண்டு பேரை இழுத்துக்கினு போனா? வலிக்குதுன்னு எதிர் டீமுக்குக் காட்டிக்காமயே? இன்னா ஆட்டம் சம்பந்தி! மூணு கோல விட இதான் பெருசு!"

எனக்கு வந்ததே கோபம். "இன்னா பெருசு? மொதல்லயே வெளிய வந்திருக்கணும்! அறிவு வேணாம்? லைட்டு கம்பமாட்டம் நின்னுக்கினு!"

"யோவ், நம்ம பொண்ண லைட்டு கம்பம்னு சொல்ற?"

"நீதானய்யா சொன்ன!"

வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பாபு, "சார், மீரு சைடு மாறிட்டீங்க," என்றார்.

சரோஜா அம்மாள் நேராகத் தரிசன வரிசைக்குப் போய்விட்டார். சிறப்புச் சீட்டு நாங்கள் போனபோது தலைக்கு நூறு. இப்போது எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தோம். வரிசையில் அவர் முகத்தை நாலு முறை திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து சித்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். சித்தூரில் சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு, சாம்பார் ஊற்றியபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணா, தையில கல்யாணம்னா மணையில எப்டி ஒக்காருவா? சம்மணம் போடக்கூடாதே."

தையில் என்றாரா? கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் எடுத்த கவளத்தைத் திரும்ப இலையில் வைத்தேன்.

"நாற்காலி போட்டுக்கலாம்மா," என்றேன் மெதுவாக.

"அவளுக்கு மட்டும் நாற்காலி போட்டா எம் புள்ள அவ முட்டிக்குப் பக்கத்துல பூனையாட்டம் தெரிவான். ஏற்கெனவே அவன் குள்ளம். ரெண்டு பேருக்கும் நாற்காலி."

"ஐயரு தரையில ஒக்காந்து மேல பாத்துக்கினே மந்திரம் சொல்லுவாரா?" என்றார் சம்பந்தி.

"அவருக்கும் ஒண்ணு போடுங்க. ஓம குண்டத்துக்குக் கீழ செங்கல்லு வெச்சி ஒசத்துங்க. அண்ணன் கடையில இல்லாத செங்கல்லா?"

பிறகு இடது கையை நீட்டி என்னிடம் போனைக் கேட்டு வாங்கினார். கலையைக் கூப்பிட்டார். நாங்கள் மூவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

"கலை, நான் அத்தை பேசறேன். கால் சரியாயிட்டா நீ ஆடு, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆடும்போது வலிச்சா வெளிய வந்துரணும். ஜெயிக்கற மேட்சா இருந்தாலும். உங்க நைனா சத்தியம் எனக்கு வேணாம், அவரா வந்து எகிறப் போறாரு? நீ பண்ணு. இதையும் காணிப்பாக்கம்னு நெனச்சிக்கோ."

"சரிங்க அத்தை," என்று கேட்டது. "சத்தியமா."

"நல்லது. உங்க மாமாகிட்ட குடுக்கறேன், லைட்டு கம்பம்னு சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கணுமாம்."

திரும்பும் வழி சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம், புத்தூர். ரோடு சில இடங்களில் குண்டும் குழியும், ஆனாலும் இருட்டுவதற்குள் வடமாலபேட்டை போய் சம்பந்தியை இறக்கிவிட்டு, வழியில் மறந்தே போன புளியோதரையை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்கு நகரி சேர்ந்துவிட்டோம். மொத்தம் இருநூற்று இருபது கிலோமீட்டர். கார் வாடகை மூவாயிரத்து அறுநூறு, டிரைவர் பேட்டா நானூறு. ஐந்து பேருக்குத் தாராளமான கார் எடுங்கள், நடுவில் சண்டை வந்தால் கையை வீச இடம் வேண்டும்.

மெட்ராஸ் போய் வந்தவனையே ஊர் கூடிப் பார்த்த தெருவில் வளர்ந்தவன் நான். இன்றைக்கு என் மகளுடைய முழங்காலை நான் காணிப்பாக்கத்துக் குளக்கரையிலிருந்து விசாரிக்கிறேன். இதைப் படிப்பவர்களில் பிள்ளைகளை வெளியே அனுப்பியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். முட்டி எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். காணிப்பாக்கம் போனால் மாற்று வேட்டி ஒன்று எடுத்துப் போங்கள், நான் சித்தூர் வரைக்கும் ஈரத்தோடுதான் போனேன்.

தை பன்னிரண்டாம் தேதி குறித்தாகிவிட்டது. ஓம குண்டத்துக்கு எத்தனை செங்கல் உயரம் சரி என்று சம்பந்தியும் நானும் தினமும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் நாலு வரிசை என்கிறார். மூன்றே போதும், எனக்குத் தெரியும்.