சுகன்யா காட்டிய சூடம்

சுகன்யாவுக்கு நிலத்தடி நீரைப் பற்றிய ஆராய்ச்சிதான் வேலை. ஆபீஸ் பெரம்பலூர் டவுனில். ஆனால் பாதி நாள் ஊர் ஊராகத்தான் கிடப்பாள். மழைத்தண்ணீர் பாறை வெடிப்பில் எப்படி இறங்குகிறது, மேலே இருக்கும் நாம் அதை எப்படி உறிஞ்சித் தீர்க்கிறோம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து சொல்வாள்.

எறையூருக்குப் பக்கத்தில் இருந்த தன் சொந்த ஊரில் கூடுதலாகவே சொல்லியிருந்தாள். அங்கே தெருவுக்குக் குடிதண்ணீர் தருவது ஒரே ஒரு பஞ்சாயத்து போர்வெல். அதைவிட ஆழமாக யாராவது பக்கத்தில் துளை போட்டால் இது வற்றிவிடும் என்பாள். ஊரும் கேட்டது. நம்ம தெருப் புள்ள, படிச்ச புள்ள, பொய் சொல்லாது என்றார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சித்தப்பா அமாவாசையின் வயலில் சின்ன வெங்காயம் தாள் மஞ்சளாகிக் கருகத் தொடங்கியது. அந்தக் குடும்பம் முதன்முதலாக வாங்கிய நிலம் அது. அப்பா இல்லாத சுகன்யாவை, ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றிப் படிக்கவைத்தவரும் அவர்தான். போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், தடுத்துவிடலாம் என்றுதான் அவள் பஸ் ஏறினாள்.

வண்டி வயலில் நின்றது. தட்டில் தேங்காயும் எலுமிச்சம்பழமும் சூடமும் இருந்தன. பாதி ஊர் கூடியிருந்தது. அவள் தனியே அழைத்துச் சொன்னதை அவர் மறுக்கவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கூடாதுன்னா வண்டிய அனுப்பிடறேன், பாப்பா. போடுறதா இருந்தா உன் கையால சூடம் காட்டணும். வேற யாரு கையும் எனக்கு வேணாம்."

அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரே ஒரு போர்தானே என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. தட்டை வாங்கிச் சூடத்தைக் கொளுத்தினாள்.

தண்ணீர் சேறும் நுரையுமாகப் பீய்ச்சி அடித்தது. சித்தப்பா அதில் நனைந்துகொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

மறுவாரமே மேலக்காட்டுக்கு ஒரு வண்டி வந்தது. அப்புறம் ஏரிக்கரைப் பக்கம் இன்னொன்று. கேட்டால், சுகன்யாவே சூடம் காட்டுச்சு, அப்புறம் என்ன என்றார்கள். அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. உட்காரச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

சித்திரையில் தெரு போர் வெறும் காற்றைக் கக்கியது. லாரித் தண்ணீர் வந்த அன்று அவளும் போய் நின்றாள். குடத்தோடு முன்னால் நின்ற பொன்னாயி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏம்புள்ள, போர் போட்டா தண்ணி வத்திடும்னியே, அது எங்களுக்கு மட்டுந்தானா? ஒங்க சித்தப்பன் வெங்காயம் நல்லா வெளஞ்சிருக்காம்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மற்ற ஊர்ப் பள்ளிகளில் அவள் இன்னும் பாடம் எடுக்கிறாள். சொந்த ஊர்ப் பள்ளியிலிருந்து கூப்பிட்டால் மட்டும், கூட வேலை செய்யும் அறிவரசனை அனுப்பிவிடுகிறாள். போர் போடாதீங்க என்று அவன் நன்றாகவே சத்தம் போட்டுச் சொல்கிறானாம்.